வெர்லின் போட்ட கீறல்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் தன் மாவட்டம் முழுக்க வெர்லினை முயல்காரர் என்றால்தான் தெரியும். நாற்பது வருடம் மாவட்டக் கண்காட்சியில் முயல்களைத் தடவிப் பார்த்துப் பரிசு சொன்னவர். முயலுக்குக் கட்டி வந்தால் அவர் கொட்டகைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பிளேடை நெருப்பில் காட்டி ஒரே கீறல்; பிதுக்கி, அயோடின் தடவித் திருப்பிக் கொடுத்துவிடுவார். மயக்க மருந்தாவது, மண்ணாவது! பிழைத்தவை கூண்டுக்குப் போயின, பிழைக்காதவை குழம்புக்குப் போயின. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவர் வீட்டில் பட்டன் என்ற பெயரில் இருந்தது அப்படிக் கூண்டு முயல் இல்லை. பத்து வயதுக் கிழவி. மனைவி ஆர்டிஸ் சோபாவில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து வளர்த்தது. போன மாதம் அதன் தாடைக்குக் கீழே ஒரு கட்டி தென்பட்டது. டாக்டரிடம் காட்டலாம் என்றாள் ஆர்டிஸ். நான் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று வெர்லின் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து பிளேடை எடுத்தார். பட்டன் கத்தியது. முயல் கத்துவது அபூர்வம். ஒருமுறை கேட்டால் மறக்காது. அவர் எதிர்பார்த்த கெட்டிச் சீழ் வரவில்லை, வெறும் ரத்தம்தான் வந்தது. துடைத்து, ரோமத்தை இழுத்து மூடினார். ஆர்டிஸிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரத்தில் கட்டி பெருத்து, பட்டன் புல்லைத் தொடுவதை நிறுத்தியது. கால்நடை டாக்டர் கிறிஸ்டாவிடம் கொண்டுபோனார்கள். சின்ன வயதில் கண்காட்சியில் வெர்லினின் மேசைக்கு முயல் கொண்டுவந்த பெண்தான் அவள். இதை யாராவது கீறினீர்களா என்று கேட்டாள். இல்லை என்று வெர்லினின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கிறிஸ்டா கட்டிக்குள் ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்த்தாள். சீழ். அப்படியானால் மொத்தமாக அறுத்தெடுக்க வேண்டும், விட்டால் தாடை எலும்பை அரித்துவிடும். ஆனால் இந்த வயதில் மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். வெர்லின் படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"போடாத ஆர்டிஸ். அதக் கீறுனது நான்தான்."

கிறிஸ்டா திட்டியிருந்தால்கூடத் தேவலை. எப்போது, என்ன வந்தது என்று மட்டும் கேட்டாள். ரத்தம் என்றதும் படிவத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்போ இந்தச் சீழு உங்க கீறலால வந்ததா இருக்கலாம், ஐயா. உள்ள இருக்கறது என்னன்னே நமக்குத் தெரியாது. வெறும் கொழுப்புக் கட்டியாக்கூட இருக்கலாம். முதல்ல புண்ணு ஆறட்டும், அப்புறம் மறுபடி ஊசியால உறிஞ்சிப் பாப்போம். இன்னிக்கு அறுக்க வேணாம்."

அறுத்திருந்தால்? அந்த நினைப்பிலேயே வெர்லின் வெட்கத்தில் செத்துப்போனார்.

ஆர்டிஸ் அவரைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அன்னிக்கு நான் சர்ச்சுல இருந்து வந்தப்ப சோபாவுக்கு அடியில பதுங்கியிருந்துச்சு. ஏன்னு கேட்டேன். வயசாயிடுச்சுன்னு சொன்ன."

பத்து நாள் மருந்து. ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் புகட்ட வேண்டும். பிடித்துப் பழகியவர் என்ற நினைப்பில் வெர்லின் கையை நீட்டினார். பட்டன் ஆர்டிஸின் அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

"நீ தொடாத" என்றாள் ஆர்டிஸ். "பக்கத்து வீட்டுல சொல்லி வரச் சொல்லிக்கறேன்."

மாவட்டமே நம்பி முயலைக் கொடுத்த அந்தக் கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெர்லின் கார் கதவைத் திறந்துவிடப் போனார்.