புதன்கிழமை ஒட்டிய பிளாஸ்திரி

அடையாறு டயாலிசிஸ் மையத்தின் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, ஒரு திங்கட்கிழமை காலை அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. அரசிடமிருந்து வரவேண்டிய பாக்கி வராததால் காப்பீட்டு அட்டை இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும், அதற்குப் பிறகு ரொக்கம் என்று நான்கே வரி. நான் மூன்று முறை படித்தேன். என் கணவர் ஒரு முறைகூடப் படிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கப் போய்விட்டார்.

அவர் இருபத்தைந்து வருஷம் ஆட்டோ ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், மெஷின் அவருடைய ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். அது நடந்தால் அவர் இருப்பார், நடக்காவிட்டால் இருக்கமாட்டார். எனக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மந்தைவெளியில் வாடகை வீடு. ரொக்கம் கட்டி வைத்தியம் என்றால் என் சம்பளம் பத்தாம் தேதியைத் தாண்டாது.

அன்று மாலை டிவியில் அந்தப் பாக்கியைப் பற்றிக் கோட்டு போட்ட நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மத்தியிலிருந்து பங்கு வரவில்லை என்றார் ஒருவர். மாநிலம் கணக்கு அனுப்பவில்லை என்றார் இன்னொருவர். கடன் வரம்பு, பற்றாக்குறை, அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தை என்று போய்க்கொண்டே இருந்தது. எத்தனையாவது சுற்று என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லை. நான் டிவியை அணைத்துவிட்டு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"பேங்க் பாஸ்புக், இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"பீரோல, மேல் தட்டுல கீது. இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரை டம்ளர் தண்ணீரை மூன்று மடக்காகப் பிரித்துக் குடித்தார். ஒரு நாளைக்கு அவருக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, மையத்தில் பழக்கமான பெண்கள் ஏழெட்டுப் பேருடன் மனு எழுதி எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டையில் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. இரண்டு மணி நேரம் நிற்கவைத்த பிறகு ஓர் அதிகாரி மனுவை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர்தான், எங்களை உட்காரச் சொன்னார்.

"பேச்சுவார்த்தை நடக்குதும்மா. முடிஞ்சதும் சரியாயிடும்."

"எப்ப சார் முடியும்?"

"அது பெரிய இடத்து விஷயம். எங்களுக்கே தெரியாது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் ரத்தத்துல சேர்ற விஷத்தை வெளியில வெயிட் பண்ணச் சொல்லட்டுமா சார்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு மனுவில் ஒரு முத்திரை குத்தினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி பாவம், சாமியே இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட பழமொழி ஞாபகம் வந்தது. பள்ளியில் எத்தனையோ தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவருடைய இடது கையில், ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். தினமும் காலையில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், விரலை வைத்துப் பார்த்துவிடுவேன். ஓடினால் காபி. டயாலிசிஸுக்கு மறுநாள் என்றால், ஊசி குத்திய இரண்டு இடத்திலும் ஒட்டிய பிளாஸ்திரியை வெந்நீர் தொட்டு நான்தான் பிரிப்பேன். அவர் பிரித்தால் தோலோடு வந்துவிடும்.

புதன்கிழமை அவர் தனியாக பஸ்ஸில் போய்வருவார். அந்தப் புதனும் வழக்கமான நேரத்துக்கு வந்தார், கையில் இரண்டு பிளாஸ்திரி இருந்தது. களைப்பு என்று படுத்தவர் ராத்திரி முழுக்க இரண்டு தலையணையில் சாய்ந்தே தூங்கினார். வியாழக்கிழமை காலை நான் வெந்நீர் தொட்டு ஒன்றைப் பிரித்தேன். பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாவதைப் பிரித்தேன். அதிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தோலில் திங்கட்கிழமையின் காய்ந்த தழும்பு மட்டும் இருந்தது.

அவருடைய காலைப் பிடித்து அழுத்தினேன். நீர் கோத்து, என் கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"நேத்து எங்க போனீங்க?"

"டிப்போல குந்திக்கினு இருந்தேன்." வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கினார். "மெடிக்கல்ல பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கினேன். டயாலிசிஸ்ல பக்கத்து சேர் மீன்காரர்தான் சொன்னாரு. நைனா, எப்பிடியும் கார்டை நிறுத்தப் போறான், வாரத்துக்கு ரெண்டுன்னு இப்பவே பழகிக்கலாம், அவ்ளோதான் நம்மால கட்ட முடியும்னாரு. செரின்னு பட்டுச்சு."

பழகிக்கொள்வதாம்! நாலு மணி நேரம் வெயிலில், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், அடையாறு பஸ் டிப்போவில் உட்கார்ந்து சாவதற்குப் பழகியிருக்கிறார். இந்த வியாதியில் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோகும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். ராத்திரி முழுவதும் அவர் பக்கத்தில் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

மையத்துக்கு போன் போட்டேன். "உடனே கூட்டிட்டு வாங்கக்கா, ஒரு சேர் காலி பண்றேன்" என்றார் டெக்னீஷியன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, இத்தனை வருஷம் ஓட்டியவர், "மெதுவா போப்பா, பள்ளம் கீது" என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் ஏறும்போது அந்தப் பேச்சும் நின்றது. நான் அவர் கையில் விரலை வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தால் நின்றுவிடும் என்ற பயத்தில், மையம் வரும்வரை நான் விரலை எடுக்கவே இல்லை.

மெஷினில் போட்டதும் நான் விஷயத்தைச் சொன்னேன். நேற்று வராத அந்த மீன்காரருக்கு டெக்னீஷியன் போன் செய்தார். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார். காலையிலிருந்து படுத்தே இருக்கிறார், அசதி போலிருக்கிறது என்றாராம். முக்கால் மணி நேரத்தில் நொச்சிக்குப்பத்திலிருந்து முகமெல்லாம் வீங்கி வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணி நேரம் போனபின் என் கணவருக்கு மூச்சு சீரானது. அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? இதுக்கெல்லாமா பழகுவாங்க?"

அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நீ மட்டும் பழகலையா? மேல் தட்டுன்னு சொன்னேனே, ஏறிப் பாத்துட்டியா?"

பார்த்துவிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை, தேனாம்பேட்டையிலிருந்து வந்ததும், அவர் தூங்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். பத்திரத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அவர் ஊசி இல்லாத கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெஷினை நிறுத்தி வெளியே வரும்போது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் அறிவிப்பு அப்படியே இருந்தது. தேதியை மட்டும் அடித்து, அடுத்த மாதக் கடைசி வரை என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நான் குனிந்து அவருடைய செருப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். அவர் போட்டுக்கொள்ளவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்று, அந்த நான்கு வரியையும் முதல் தடவையாக முழுதும் படித்தார்.