மறைந்துபோன நான்காவது வரி

தகப்பனின் மரண அறிவித்தலில் ஒரு மகளின் பெயரை மறைத்தவள் நான். அந்தப் பழியை அவளுடைய அண்ணன் தலையில் போட்டவளும் நானே!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அவர்களிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மரண அறிவித்தல்களைக் கைபேசியில் வெளியிடும் செயலி ஒன்றைச் செய்தோம். பெயர் விவரங்களை எழுதும் எழுத்துப் பெட்டிகள் என் பொறுப்பு. ஆயத்தமாகக் கிடைப்பவை பிடிக்காமல் சொந்தமாகவே ஒன்றை உருவாக்கினேன். எழுதும்போது எவ்வளவும் எழுதலாம். வெளியிட்டதும் மூன்று வரிதான் தெரியும், மிகுதி மறைந்துவிடும். பெட்டியை நீள விட்டிருக்கலாம். குறைந்தது, இன்னும் உண்டு என்று காட்டும் மூன்று புள்ளிகளையாவது வைத்திருக்கலாம்... அழகு கெடும் என்று அதையும் எடுத்துவிட்டேன்!

யார் மூன்று வரிக்கு மேல் எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நினைக்கிற நினைப்பா இது? பிள்ளையின் பெயர், மருமகனின் பெயர், அவர்கள் இருப்பது கனடாவா சுவிஸா என்பதுவரை எழுதாமல் எங்கள் சனம் விடுமா?

ஒருநாள் காலையில் கரவெட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார். தகப்பனின் அறிவித்தலை முதல்நாள் தானே எழுதிப் போட்டவர்.

"பிள்ளை, கடைசித் தங்கச்சியின்ரை பேரும் போட்டனான். இப்ப பார்த்தால் காணேல்லை. வீட்டுக்குச் சொல்லாமல் கலியாணம் கட்டிப் போனவள். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டனான். இப்ப பேர் இல்லையெண்டு பார்த்திட்டு, வரமாட்டன் எண்டு போனை வைச்சிட்டாள். மத்தியானம் அப்பாவை எடுக்கப்போறம்..."

கணினியைத் திறந்தேன். அவளும் கணவனும், சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரோடு, ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தார்கள். நான்காவது வரி! என் பெட்டிதான் அவர்களை மூடியிருந்தது.

அப்போது என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்கள் பேரை அடிக்க மறந்திருப்பியள் அண்ணை. நான் இப்பவே ஏத்திவிடுறன்."



"ஓமோ... அப்பிடியும் இருக்கும். ரெண்டு நாளா நித்திரை இல்லை. என்ரை பிழைதான் பிள்ளை, குறை நினைக்காதேங்கோ."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்... என்னிடம்! பெட்டியை நீள விட்டேன்; பெயர் வந்தது. அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவகச்சேரிக்கே போய், தான் மறந்துவிட்டதாகச் சொல்லித் தங்கையின் முன் அழுது, கூட்டிவந்துவிட்டார். அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதைப் பின்னர் அவரே சொல்லக் கேட்டபோது என் உயிர் திரும்பி வந்தது. அவர் மட்டும் வீம்பு பிடித்து வீட்டிலேயே இருந்திருந்தால்? அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு என்னையும் அழைத்தார்கள். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்... அந்தத் தங்கைதான் வாழையிலை விரித்துப் பரிமாறினாள்.

"அண்ணை மறந்த பேரை நீங்கள் ஏத்தினபடியால்தான் அப்பாவைப் பார்த்தனான். இன்னும் கொஞ்சம் பாயாசம் விடட்டே?"

அண்ணன் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்து சிரித்தார். நான் பாயாசத்தைக் குடித்தேன். அவ்வளவு அன்போடு எனக்கு யாரும் பரிமாறியதில்லை. இன்றும் அந்த வீட்டுக்காரரை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த நிறைவை அனுபவிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன கிழமை ஆண்டுத் திவசத்துக்கான நினைவஞ்சலியைப் போட்டுவிட்டு அவர் மறுபடி அழைத்தார்.

"பிள்ளை, இந்தமுறை தங்கச்சியின்ரை பேரைத்தான் முதலாவதாப் போட்டிருக்கிறன். என்னை நம்பேலாது பாருங்கோ, பிறகும் மறந்துபோவன்."

"நல்லது அண்ணை" என்றேன்.