நாகம்மா நிறுத்திய தண்ணீர்

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் நிலங்கள். அங்கே இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு மண் அணை இருந்தது. அரசாங்கத்து ஏரி இல்லை. நாகம்மாவின் கணவர் சென்னகிருஷ்ணன் தன் பட்டா நிலத்தில் ஓடையை மறித்து, சொந்தச் செலவில் போட்ட கரை. அந்த நாகம்மாவைப் பற்றி நான் நல்லபடியாக எழுதுவேன் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அணைக்குக் கீழே இருந்த பீன்ஸ் தோட்டம் என்னுடையது.

சென்னகிருஷ்ணன் போனபின் கரையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எலி வளை தோண்டியிருந்தால் களிமண் வைத்து மிதிப்பாள். செடி முளைத்தால், வேர் விட்டுக் கரையைப் பிளக்கும் என்று அன்றைக்கே பிடுங்கிவிடுவாள். கரைமேல் யாராவது டிராக்டர் ஓட்டிவிட்டால் அவள் வாயில் விழுந்து எழ முடியாது. ஒருமுறை என் மாடு அங்கே மேய்ந்ததற்கு, "மாட்டுக்குத்தான் அறிவில்ல, அவுத்து வுட்டவனுக்குமா இல்ல?" என்று தமிழில் கேட்டுவிட்டு, போதாதென்று கன்னடத்திலும் திட்டினாள். இரண்டிலும் நன்றாகவே திட்டுவாள்.

இத்தனை பாடுபட்டும் கணவர் இறந்தபின் அணை ஒரு வருடமும் நிரம்பவில்லை. மகன் ஹரீஷ்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மனைவி ஜெயப்ரியாவோடு மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தான். மனை போடுகிறவர்கள் அவனை விடாமல் சுற்றினார்கள். "வெறுங்குழிக்குக் காவல் இருக்கியேம்மா, வித்துட்டு எங்கூட வந்துடு" என்பான். நிலம் இருவர் பெயரிலும் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வது என்பதுதான் அவள் கவலை.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அணை ஏறிக்கொண்டே வந்தது.

நிரம்பிய தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் விட்டிருக்கும் வழியைக் கோடி என்போம். முதல் தண்ணீர் கோடி தாண்டும்போது தண்ணீர்த் தெய்வமான கங்கம்மாவுக்குப் பாகினம் விட வேண்டும். புது முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தண்ணீரில் விடுவார்கள். சென்னகிருஷ்ணனும் நாகம்மாவும் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவள் விட முடியாது. தாலி இல்லாதவள் அந்த முறத்தைத் தொடக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கரையை மிதித்து மிதித்துக் காப்பாற்றியவள் தொட்டால் கங்கம்மா கோபித்துக்கொள்வாளா? ஆனால் நாகம்மாவே அதை நம்பினாள்.

மகனும் மருமகளும் தங்கள் கையால் பாகினம் விட்டுவிட்டால், பிறகு அந்த அணையை மூட அவனுக்கு மனசு வராது என்று நினைத்தாள். என்னிடமே அப்படிச் சொன்னாள்.

வியாழக்கிழமை தண்ணீர் கோடியின் விளிம்புக்கு வந்துவிட்டது. மகனுக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கெழமதாம்மா லீவு. அன்னைக்கு ரெண்டு பேரும் வந்துடறோம்" என்றான். வருகிறேன் என்றதே அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "சரி கண்ணு" என்று வைத்துவிட்டாள். ஞாயிறு வரைக்கும் தண்ணீர் நிற்காது என்பதைச் சொல்லவில்லை.

பாகினம் விடாமல் முதல் தண்ணீர் போய்விட்டால் அப்புறம் விட்டும் பலனில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமை காலை, கூலிக்கு வரும் மாதேஸ்வரனைக் கூட்டிப்போய், சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பிக் கோடியை அடைத்துவிட்டாள்.

நான் கரையேறிப் போய்ச் சொன்னேன். "அக்கா, கோடிய அடைச்சா தண்ணி எங்க போவும்? கரை தாங்காதுக்கா."

"ரெண்டு நாளுதான்டா. எம்புள்ள வர்ற வரைக்கும். இந்தக் கரைய எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். வேறு யாராவது இப்படி அடைத்திருந்தால் அவளே மண்வெட்டியோடு ஓடிவந்து சாக்கைக் கிழித்திருப்பாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் கர்நாடகா பக்கம் வானம் கருத்து, கொட்டித் தீர்த்தது. ஓடை செந்தண்ணீராகப் புரண்டு வந்தது. நாகம்மாவும் மாதேஸ்வரனும் ஓடிப்போய்ச் சாக்குகளை இழுத்தார்கள். நானும் இறங்கி இழுத்தேன். ஊறிப்போன சாக்குகள் அசையவில்லை, அரிவாளால் கிழித்தோம். அதற்குள் கரையின் நடுவில், கொஞ்சம் தாழ்ந்திருந்த இடத்தில், தண்ணீர் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டது. முதலில் சின்ன வழிசல்தான். பிறகு மண் சரிந்தது. நாகம்மா கைகளை விரித்துக்கொண்டு அங்கே ஓடினாள், தடுத்துவிடுகிறவள் மாதிரி. மாதேஸ்வரன் அவளைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். தள்ளியிருக்காவிட்டால் அவளும் போயிருப்பாள்.

என் பீன்ஸ், பந்தல், மோட்டார் எல்லாம் அடித்துக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் காலை சண்டை போடத்தான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் உடைப்பின் ஓரத்தில் மாதேஸ்வரனோடு உட்கார்ந்திருந்தாள். கீழே சேற்றில் கெண்டை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, அடி வாங்கத் தயாராக இருப்பவள் போலத் தலையைக் குனிந்து நின்றாள். கேட்க வந்ததை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் பைக்கில் ஹரீஷ்குமாரும் ஜெயப்ரியாவும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜெயப்ரியா பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசிய முறங்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றான் ஹரீஷ்குமார்.

மாதேஸ்வரன்தான் நடந்ததைச் சொன்னான். கேட்டுவிட்டு அவன் உடைப்பின் விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"தண்ணி நிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா. அன்னைக்கே லீவு போட்டு வந்திருப்பேனே."

"வந்திருப்பியா?" என்றாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வந்திருப்பேம்மா." அவன் பொய் சொல்லவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

"ஜேசிபி விட்டு மறுபடி கட்டிக்கலாம்மா" என்று ஆரம்பித்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வித்துடு கண்ணு. நான் கையெழுத்துப் போடறேன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பெத்த புள்ளய வாடான்னு கூப்புடத் தைரியமில்லாம, தண்ணியப் போய்க் கட்டி வெச்சேனே."