பூ நிற்காத தலை

சிகிச்சை முடிந்து ஏழு மாதம் கழித்து என் தலையில் இருந்த முடி என்னுடையது அல்ல. யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அதற்கு முன் நாற்பத்தாறு வருஷம் என் முடி நேராக, கனமாக இருந்தது. பின்னினால் இடுப்புக்குக் கீழே போகும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மார்பில் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். ஒரு பக்கத்தை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி மொத்தமாகப் போயிற்று. திரும்ப வரும்போது போனதேதான் வரும் என்று நம்பியிருந்தேன். வந்தது சுருட்டை. பிறந்த குழந்தையின் தலைபோல மெத்தென்று, சின்னச் சின்ன வளையமாக, சொன்ன பேச்சு கேட்காத முடி.

எங்கள் வீட்டில் சுருட்டை முடி என் மகளுக்குத்தான். அவள் அப்பா வழியில் வந்தது. அவள் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருஷமும் காலையில் எனக்கும் அந்த முடிக்கும் சண்டை. எண்ணெயை வழிய வழிய வைத்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்து, இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டி அனுப்புவேன். தெருமுனை திரும்புவதற்குள் நெற்றியைச் சுற்றிக் கிளம்பிவிடும். உங்க அப்பா வீட்டுப் பிடிவாதம் முடியிலேயும் இருக்கு என்று திட்டுவேன். இப்போது அந்தப் பிடிவாதம் என் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் நோய் வெளியே யாருக்கும் தெரியாது. என் கணவர், மகள், என் அக்கா, அவ்வளவுதான். நான் தேவகோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவரை மூச்சு விடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று பேசுவார்கள், வருகிற வரன் வாசலோடு திரும்பிவிடும் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த நிலையில் ஒரு வரன் வந்தது. தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம், பையனுக்குப் பெங்களூரில் வேலை. சென்னையில் இருக்கும் என் மகளும் அவனும் ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பற்றிக் கேட்டால் அவள் குரலே மாறியது. பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார்பட்டியில் சந்திப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ஒத்துவந்தால் பெண் பார்த்ததாக ஆகும், ஒத்துவராவிட்டால் சாமி கும்பிட வந்ததாக ஆகும்.

என் தலைக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஒரு விக் இருந்தது. எங்கள் ஊர் காரைக்குடி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வேர்வையில் வழுக்கி நெற்றிக்கு இறங்கிவிடும். ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், கூடவே அதுவும் நகர்ந்தது. யாரோ ஒருத்தி ஏதோ கோயிலில் இறக்கிய முடியாக இருக்கும் என்று மகள் விளையாட்டாகச் சொன்னதிலிருந்து அதைத் தொடவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அக்காவோ அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அதையே சொல்லிருவோம். பழனியில முடி இறக்குனான்னு சொன்னா முடிஞ்சு போச்சு. சாமி பேரச் சொன்னா எவளும் மேக்கொண்டு கேக்க மாட்டா," என்றாள்.

விடுப்பில் ஊருக்கு வந்திருந்த மகளுக்கு இது பிடிக்கவில்லை. சாமி பேரில் பொய் சொல்வதற்கு நோயின் பேரில் உண்மை சொல்லிவிடலாமே என்றாள். நான் அழுத அழுகையைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் பொய்யே சொன்னாலும் பார்க்கிற மாதிரியாவது இருக்கட்டும் என்று என் தலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது எல்லாம் எனக்குத் தெரிந்ததற்கு நேர் எதிர். காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. ஈரத்தோடு விரலால் கோதினால் போதும். துண்டால் தேய்க்கக்கூடாது, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆளிவிதையைக் கொதிக்கவைத்தால் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு வழவழப்பு வரும். அதை வடிகட்டி ஈரமுடியில் தடவிவிட்டுக் காயும்வரை கையே வைக்கக்கூடாது. தலையணைக்குப் பழைய பட்டுச்சேலையில் உறை. நான் பழக்கதோஷத்தில் நடுவில் ஒருநாள் எண்ணெயைக் கொட்டி அழுத்தி வாரினேன். கால்மணி நேரம் படிந்திருந்தது. பிறகு பக்கவாட்டில் இரண்டு கொம்பு முளைத்தது. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் அவள் தலையை என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டேன். அதை இப்போது எதற்குக் கேட்கிறாய் என்பது போலப் பார்த்தாள்.

உடுத்துவது அதைவிடக் குழப்பம். ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட உடம்புக்கு எந்த ரவிக்கையும் நிற்கவில்லை. டெய்லரிடம் அளவு கொடுக்கவும் முடியாது. உள்ளாடைக்குள் முதலில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். கனமில்லாததால் நடக்க நடக்க மேலேறிக் கழுத்தெலும்புக்கு வந்துவிட்டது. அரிசி வைத்தேன், குத்தியது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எப்போதோ சொன்ன யோசனை நினைவுக்கு வந்து, மெல்லிய துணியில் சின்னப் பை தைத்துக் கடுகை நிரப்பினேன். சமையலறைத் தராசில் நிறுத்து, கூட்டிக் குறைத்து, கடைசியில் சரியாக உட்கார்ந்தது. அக்கா தாளிக்கக் கடுகைத் தேடியபோது நான் வாயைத் திறக்கவில்லை.

சேலையில் பூனம் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. பட்டு வழுக்கியது. கடைசியில் நான் வாழ்நாளெல்லாம் வெறுத்த கண்டாங்கியே கை கொடுத்தது. எங்கள் ஊர்க் கண்டாங்கி முரட்டுப் பருத்தி, புதிதில் அட்டைபோல விறைத்து நிற்கும். கொசுவம் ஆளுக்கு முன்னால் போகும். அந்த விறைப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. கொசுவத்தை மட்டும் முந்தின நாளே மடித்து, தண்ணீர் தெளித்து, மெத்தைக்கு அடியில் வைத்துப் படியவிட்டேன். முந்தானையை மடிப்பில்லாமல் ஒற்றையாக விட்டு, தோளில் ஒன்றும் ரவிக்கைக் கையோரம் ஒன்றுமாக ஊக்கு குத்தினேன். சேலை உடம்பில் ஒட்டாமல் நின்றது. எந்தப் பக்கம் எது என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளையார்பட்டியில் கூட்டம். பையனின் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கொண்டை போட்டு, பட்டு உடுத்தி, அமைதியாக இருந்தார். பையனும் என் மகளும் தூண் பக்கம் நின்று பேச, நாங்கள் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் என் தலையைப் பார்த்தார்.

"முழுசாவா இறக்குனீக? பூமுடி குடுத்தாப் பத்தாதா? எந்தக் கோயில்ல?" என்று கேட்டார்.

ஒரு மாதம் மனப்பாடம் செய்த பதில் அந்த நேரத்தில் மறந்து தொலைந்தது. வரும் வழியில் பார்த்த மலைதான் கண்ணில் நின்றது. குன்றக்குடி என்றேன். அதே மூச்சில் அக்கா பழனி என்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்கா சமாளிக்கிறேன் என்று இரண்டு இடத்திலும்தான் என்றாள். நான் அதற்கு மேலே போய், முதலில் அங்கே, வளர்ந்த பிறகு இங்கே என்றேன். கணக்கு டீச்சர் நான். எத்தனை மாதத்தில் எத்தனை மொட்டை என்று அப்போதே எனக்குள் கூட்டல் தப்பியது. அந்த அம்மாள் நல்லது என்று மட்டும் தலையாட்டினார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

தரிசனம் முடிந்து வந்ததும் அவர் மல்லிகை வாங்கி வந்தார். மகளுக்கு ஒரு முழம், அக்காவுக்கு ஒரு முழம், எனக்கும் ஒரு முழம். சுமங்கலிக்குக் கொடுத்த பூவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. என் தலையில் வைக்கவும் முடியாது. ஸ்லைடு மாட்டினால் அந்தப் பஞ்சு முடியில் நிற்காது, பூவோடு சேர்ந்து நழுவி முதுகில் விழும். வீட்டிலேயே பார்த்துவிட்டோம். சாமி படத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கையிலேயே வைத்திருந்தேன். அக்காவும் மற்றவர்களும் கொழுக்கட்டை வாங்கப் போனார்கள்.

"அங்குட்டுத் திரும்புங்க," என்றார் அந்த அம்மாள்.

கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். என் பின்னந்தலையில் ஒரு பக்கம் இரண்டு ஸ்லைடுகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே மாட்டினார். மறுபக்கமும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் கறுப்பு நூலைக் கட்டி, பூவை முடியில் இல்லாமல் நூலில் தொங்கவிட்டார். தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். பூ விழவில்லை. இவ்வளவு சுலபமான காரியத்தை இவர் எங்கே கற்றார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மொட்டை போட்டு வளர்ற முடி கையில குத்தும். இது அப்படி இல்ல," என்று மெதுவாகச் சொன்னார். "எனக்கும் இப்படிச் சுருட்டையாத்தான் வந்துச்சு. ரெண்டு வருசத்துல பழையபடி ஆயிருச்சு. பயப்படாதீக."

நான் திரும்பவே இல்லை. திரும்பினால் என்ன முகத்தோடு திரும்புவது என்று தெரியவில்லை. அதற்குள் கொழுக்கட்டை வந்துவிட்டது.

காரில் ஏறியபோது எனக்குப் பறப்பது போல இருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை, மகளுக்குக் கல்யாணம் என்று மனசு துள்ளியது. குன்றக்குடி தாண்டும்வரைதான் அந்தச் சந்தோஷம். பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. இந்த நோய் நம் வீட்டிலும் இருக்கிறது, அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. நாளைக்கு இவளுக்கு ஒரு பெண் பிறந்தால்? காரைக்குடி வருவதற்குள் அந்த எண்ணம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துப் பெண் கேட்டிருக்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. எனக்கு!

சாயங்காலம் பையனின் அப்பா போன் செய்தார். தங்களுக்குத் திருப்தி, எங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். இப்போது வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். நாளைக்குச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை அறைக்குள் அழைத்துப் போய் ஏன் என்று கேட்டாள். கோயிலில் நடந்ததையும் என் பயத்தையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

"சரிம்மா, டாக்டரைக் கேப்போம். டெஸ்ட் எடுக்கணும்னா எடுப்போம். ஆனா ஒண்ணு சொல்லு. அவங்க வாயத் திறக்காம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது. அவர் கொண்டையில் ஒரு குறையும் இல்லை. நம்மை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு மாதம் செத்துப் பிழைத்தவள் நான். அவர்களை வேண்டாம் என்று நினைக்க எனக்குப் பிள்ளையார்பட்டியிலிருந்து காரைக்குடி வரும் தூரம் போதுமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த அம்மாளின் எண்ணை மகளிடம் வாங்கி நானே கூப்பிட்டேன்.

முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார். நான் எந்தக் கோயிலிலும் முடி இறக்கவில்லை என்றேன். எங்களுக்குச் சம்மதம் என்றேன்.

"நாளைக்குச் சொல்றோம்னு நீங்க சொன்னதுலேருந்து போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்," என்றார். "எம் புள்ள கல்யாணத்த என் வாயாலயே கெடுத்துட்டேனோன்னு. நீங்க அந்தப் பூவைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சதைப் பாத்தப்ப, சொல்லாம இருக்க முடியல."

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.