அக்காவின் இரண்டு வெள்ளிப் பற்களும் ஹட்டன் பஸ்ஸும்

போன சனிக்கிழமை நானும் அக்காவும் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போனோம். காரணம், அக்காவின் வாய். மேல் வரிசையில் இரண்டு பற்களுக்குச் சின்ன வயதில் அடைத்த வெள்ளி, சிரித்தால் கறுப்பாகத் தெரியும். அதனால் பேசும்போதே கையால் வாயை மறைத்துக்கொள்வாள். தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் அவள் பாடம் நடத்தத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. அவள் 'அ' என்றால் அத்தனை வாண்டுகளும் வாயைப் பொத்திக்கொண்டு 'அ' என்றன. அப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டன! திங்கட்கிழமை அதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

காலை ஆறரை பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், வளைவுகளின் புண்ணியத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முன் சீட்காரரின் சட்டைக்கு நல்லதல்ல.

பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், துணிக்கடை மாடியில் பல் டாக்டர். யாழ்ப்பாணத்து அம்மா. பல் நிற மாதிரிகள் கோத்த பட்டையொன்றை நீட்டினார். அக்கா அதில் ஆக வெள்ளையானதைக் காட்டினாள்.

"அது வேண்டாம் பிள்ளை, பக்கத்துப் பல்லோட ஒத்துவராது. தேத்தண்ணி கனக்கக் குடிப்பீங்களோ?"

"தோட்டத்துல பொறந்துட்டு வேற என்னங்க குடிக்கிறது?"

"சரி, முதல்ல இந்த வெள்ளிய எடுத்துவிடுவம்" என்றார் டாக்டர்.

"வெள்ளி நேத்தோட போயிருச்சுங்க டாக்டர், இன்னைக்குச் சனி" என்றேன். அக்கா காலால் எத்தினாள்.

கடைவாய்ப் பல்லொன்றில் இருந்த வெள்ளியையும் எடுக்கச் சொன்னோம். "அது உறுதியா இருக்கு. சும்மா தோண்டினா நல்ல பல்லுந்தான் குறையும்" என்று மறுத்துவிட்டார். ஊசி, துளைப்பு, வெள்ளி இருந்த இடத்தில் பல் நிறப் பசை, அது இறுக நீல வெளிச்சம், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பல்லுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். எந்தப் பல்லில் வேலை நடந்ததென்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நன்றி சொல்லும்போது கை பழையபடி வாய்க்குப் போனது. பல்லைச் சரிசெய்தாயிற்று, கையை எந்த டாக்டரிடம் கொண்டுபோவது?

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். நோர்வூட் தாண்டியதும் அக்கா இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று கண்டக்டர் கத்தினார்.

"அண்ணே, இதுக்கு மேல போனா டிரைவர் மடியிலதான் ஒக்காரணும்!" என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு மரத்திருந்ததால் கோணல் சிரிப்பு. ஒரு கை கம்பியை விட்டது. பஸ் வளைந்தது. கை அலறியடித்துக்கொண்டு கம்பிக்கே ஓடியது. வாய் திறந்தபடியே இருந்தது, யாரும் அவள் பல்லைப் பார்க்கவில்லை.

"வாய மூடுடா, விழுந்துருவேன்!"

நான் மூடவில்லை. பொகவந்தலாவை வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜோக் எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முழுக்க அவள் கை கரும்பலகைச் சோக்கைத்தான் பிடித்திருந்ததாம். வேலை நிரந்தரம்.

பல் அடைப்பை மாற்றப் போகிறவர்களுக்கு: நிறத்தை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மரப்பு போகும்வரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள். திரும்பும்போது சீட் கிடைத்தாலும் உட்காராதீர்கள்.