மலைமேல் தெரிந்த ஏரி

பசியாவரம் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் மீன்பிடித் தொழில் செய்பவன் நான். சிறுவயதில் ஊர்ப்பக்கம் உள்ள பழைய டச்சுக் கல்லறையில் என்னோடு ஓடிப் பிடித்து விளையாடிய தேசப்பனும் முருகேசனும் மலேசியாவில் வேலை செய்கிறார்கள். பல வருடம் கழித்து அவர்கள் கூப்பிட, போயிருந்தேன். மூவரும் மலைமேல் கூடாரம் அடித்துத் தங்கினோம்.

விடியும்போது எனக்கு மட்டும் விழிப்பு வந்தது. வெளியே வந்தால், புல்சரிவின் கீழே வெள்ளையாக, அலையே இல்லாமல், ஏரி விரிந்து கிடந்தது. நடுவில் தீவு மாதிரி மரங்கள். எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. நண்பர்களை எழுப்பக் கூச்சம். எங்கள் ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அந்தப் பழக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முகம் கழுவ இறங்கினேன்.

"டேய், இன்னாடா பண்ற? நில்லு! அது தண்ணி இல்ல, பனி! கீழ பள்ளம்டா!"

தேசப்பன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். என் காலில் தட்டிய கல் வெள்ளைக்குள் உருண்டது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"எழுப்பி ஒரு வார்த்த கேட்டா இன்னா? உன்ன வலை போட்டா தேடறது?" என்றான் முருகேசன்.

இப்போதெல்லாம் பனிக்காலையில், எங்கள் ஏரியிலேயே கழியை ஊன்றி ஆழம் பார்த்துத்தான் படகிலிருந்து இறங்குகிறேன். வெளியூர் என்றால், தூங்குகிறவர் திட்டினாலும் எழுப்பிக் கேட்டுவிடுகிறேன்.