நரிவெங்காயப் பாத்தியும் இராசநாயகம் ஐயாவும்

மூதூர் இறங்குதுறையில் திருகோணமலை போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்றபோதுதான் செய்தி வந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்த காசிம் காக்கா என்னைக் கண்டதும், "மிஸி, டொக்டர் மோசம் போயிட்டாராம்" என்றார். ஆஸ்பத்திரி டொக்டரைச் சற்று முன்னர்தான் உயிரோடு சுகமாகக் கண்டிருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

"எந்த டொக்டர்?"

"உங்கட வெங்காய டொக்டர்தான்."

அப்படியே பலகையில் இருந்துவிட்டேன்.

இராசநாயகம் ஐயா டொக்டர் அல்லர், அப்போதிக்கரி. இலங்கைத்துறைப் பக்கத்தில் இருந்த சிறிய டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்தவர். நான் அங்கே மருத்துவமாதுவாக, ஊருக்கு 'மிஸி'யாக, நெடுங்காலம் அவருடன் வேலை செய்தேன். வேலையேற்ற புதிதில் அவர் தங்கியிருந்த வீட்டு வளவின் பின்புறத்தில் மணற்பாத்தி ஒன்றைக் கண்டேன். பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாகப் பருத்த கிழங்குகள். சம்பலுக்கென்று ஒன்றில் கை வைத்ததும் ஐயா ஓடி வந்தார்.

"பிடுங்காதேங்கோ! இது நரிவெங்காயம். சம்பலுக்குப் போட்டால் பிறகு உங்களைக் காண ஏலாது."

"நஞ்செண்டால் ஏன் ஐயா வளர்க்கிறியள்?"

"எலிக்கு" என்றார். இன்னொரு நாள் கேட்டபோது "பூவுக்கு" என்றார். பூவோ பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்கு முன், இலையே இல்லாத வெறும் மணலிலிருந்து நெடிய தண்டொன்று எழும்பி, மங்கிய நிறத்தில் பூக்கும். மழை விழுந்த பிறகுதான் இலை வரும். கடற்கரை மேட்டில், இராவணன் மீசைப் புல்லுக்கு நடுவே தானாகவே முளைப்பதை அவர் ஏன் பாத்தி கட்டி வளர்த்தார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்று மாரியில் குனிந்து குனிந்து வாய்க்கால் வெட்டுவார். பக்கக் கிழங்குகளைப் பிரித்து நடுவார்.

காலாணியோடு வரும் மீனவருக்குக் கிழங்கைச் சுட்டு, துண்டாக்கி வைத்துக் கட்டுவார். ஆனால் இருமலுக்கு அதன் சாற்றைக் குடித்ததாக யாரும் சொன்னால் போதும். "சாகவோ வந்தனீர்?" என்று வாசல்வரை கேட்கும்படி ஏசுவார்.

பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம் வந்தது. எங்கள் இருமல் மருந்துப் போத்தல்களும் வெறுமையாயின. ஒருநாள் ஐயா போத்தலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மிஸி, இதுக்குள்ள இருந்ததிலும் இந்தச் சாதிக் கிழங்கின்ர சாறு கிடந்தது. அளந்து விட்டவங்கள். எனக்கு அளக்க வழியில்லை" என்றார்.

அந்த மாரியில் ஒரு பிரசவத்துக்காக வெருகல் ஆற்றுக்கு அப்பால் போனேன். வெள்ளம் வடியும்வரை திரும்ப முடியவில்லை. வந்து பார்த்தால் பாத்தியில் பாதி கிளறிக் கிடந்தது. ஐயா வாங்குப் பலகையில் படுத்திருந்தார். கிழங்குச் சாறு பட்டு இரு கைகளும் சிவந்து தடித்திருந்தன.

"என்ன ஐயா நடந்தது?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, மிஸி."

நானும் மேலே கேட்கவில்லை. கிளறிய இடத்தில் மறுபடியும் நட்டார், முன்னையிலும் கவனமாக.

லோஞ்சேறித் திருகோணமலையில் ஐயாவின் குடும்ப வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறையச் சனம். இலங்கைத்துறைப் பொன்னம்மா என் கையைப் பிடித்து அழுதார். "அந்த வெள்ளத்துக்குள்ள நெஞ்செல்லாம் சளி, மிஸி. ஐயா அந்தக் கிழங்குச் சாற்றைத் துளித்துளியாத் தந்துதான் நான் பிழைச்சனான்."

அருகில் நின்ற மீனவர் தவராசா திரும்பினார். "என்ர அப்புவுக்கும் அந்தக் கிழமைதான் மூச்சு இழுத்தது. காலில விழுந்து கேட்டனான். ஏலாது எண்டிட்டார். வீட்டுக்குத் திரும்புற வழியிலேயே அப்பு போயிட்டார்."

நான் உள்ளே போய் ஐயாவின் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "எனக்கு வேற மாதிரியெல்லோ சொன்னவர். தான் குடிச்சுப் பார்த்தவராம். குடிச்சதெல்லாம் சத்தியெடுத்து, நெஞ்சுத் துடிப்பும் விழுந்து போச்சாம். பயந்துபோய் எல்லாத்தையும் கொட்டிப்போட்டாராம்."

மூன்றும் உண்மையாக இருக்கலாம். எது முதல், எது பின் என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னம்மாவைப் பிழைக்கவைத்த கையா, தவராசாவின் தகப்பனைத் திருப்பி அனுப்பிய கையா? இரண்டும் ஒரே கைதான் என்று நினைக்கும்போது மனம் எங்கும் நிற்கமாட்டேன் என்கிறது.

பாடையைத் தூக்க ஆள் கேட்டார்கள். முதலில் போய்த் தோள் கொடுத்தவர் தவராசா. பொன்னம்மா அவரிடம், "மெல்லமாப் பிடி தம்பி, ஐயாவுக்கு நோகும்" என்றார். அவர் ஓமென்று தலையாட்டினார்.

நான் வாசல் படலையோடு நின்றுவிட்டேன். போய் வாருங்கள், ஐயா. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்களை மன்னிப்பதற்கு உரிமை உள்ள ஒருவரின் தோளில் ஏறிப் போகிறீர்கள்.